நீலக்கட்டத்தின் கடைசி ராத்திரி

டிணுக். மறுபடியும். எவர்சில்வர் டம்ளரை ஈரத்துணியில் சுற்றி நகத்தால் சுண்டிய மாதிரி ஒரு சத்தம், இந்த அறைக்குள்ளிருந்துதான், ஆனால் எந்த மூலை என்று சொல்ல முடியவில்லை. சாரல் இல்லை, சாரலுக்கு இப்படித் தனித்தனியாக விழத் தெரியாது. பல்லியும் இல்லை. கதவு முட்டும் சத்தம் எனக்கு மனப்பாடம், தாழ்ப்பாள் போடாத கதவுக்கு அணைகொடுத்து நான் வைத்திருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகில் அது காற்றடிக்கும்போதெல்லாம் பொத், பொத் என்று இடிக்கும், இது அதுவும் இல்லை. என் மகள் உலகு தூங்குகிறாள். அவள் வயிறு ஏறி இறங்குகிறதா என்று விரலை வைத்துப் பார்க்கிறேன், ஏறுகிறது, இறங்குகிறது, ஐந்து மாதமாக ஒரு ராத்திரிக்கு நாற்பது தடவை இதைப் பார்க்கிறேன், ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், பயப்படாதீங்கம்மா, முதல் குழந்தைக்கு எல்லாரும் இப்படித்தான் என்று. முதல் குழந்தைக்காக இல்லை, எனக்குச் சின்னதிலிருந்தே பயம்தான், குழந்தை வந்த பிறகு அதற்கு உட்கார ஒரு இடம் கிடைத்திருக்கிறது, அவ்வளவு. மணி ஒன்பது ஐம்பது. உலகின் அப்பா வேலைக்காகக் கயத்தாறில் காற்றாலைகளுக்கு நடுவில் ஏதோ ஒரு கோபுரத்தின் அடியில் இருப்பார், காற்றுக்காலம் முடிகிற வரை வாரத்தில் ஒருநாள்தான் தென்காசிக்கு வருவார். கீழே அத்தை. மேலே நானும் உலகும், தையல் மிஷின் பலகையின் மேல் திறந்தபடி இருட்டாக இருக்கும் லேப்டாப்பும். டிணுக். அங்கேதான். அங்கேயிருந்துதான் வருகிறது. எழுந்திருக்க மாட்டேன். எழுந்து நின்றதுதானே சாயங்காலம் செய்த தப்பு.

இன்றைக்கு நீலக்கட்டம் சாகிற நாள். அதற்கு ஒரு கம்பெனிப் பெயர் இருக்கிறது, நானும் எப்சிபா அக்காவும் அதை அப்படிச் சொல்வதில்லை, திரையில் நீலமாக ஒரு சின்னக் கட்டமாக இருப்பதால் நீலக்கட்டம். திருநெல்வேலியில், வண்ணார்பேட்டையில் இருக்கும் ஸ்கேன் சென்டரின் கம்ப்யூட்டரை இங்கே என் தையல் மிஷினுக்குக் கொண்டுவந்து தருவது அதுதான். டாக்டர் பகலில் ஸ்கேன் பார்த்துப் பேசி வைத்த பதிவுகள் அந்தக் கம்ப்யூட்டரை விட்டு வெளியே வரக் கூடாது, அது சென்டர் சட்டம். அதனால் நான் ராத்திரியில் அதற்குள் போய், அவர் குரலைக் கேட்டு, வலது சிறுநீரகத்தில் நான்கு மில்லிமீட்டர் கல், கருவின் இதயத்துடிப்பு சீராக உள்ளது என்று அங்கேயே அடித்து வைத்துவிட்டு வருவேன், காலை ஏழு மணிக்கு ஆட்கள் வந்து வாங்கிப் போவார்கள். நான் இங்கே மவுஸை நகர்த்தினால் அங்கே ஆளில்லாத மேஜையில் அம்பு நகரும். ராத்திரி டெக்னீஷியன் எப்சிபா அக்கா அதைப் பார்த்ததும் அந்தத் திரையிலேயே நோட்பேடைத் திறந்து 'வந்துட்டியா' என்று அடிப்பார். நான் 'வந்துட்டேன் அக்கா' என்று கீழே அடிப்பேன். 'சாப்டியா.' 'சாப்டேன், தோசை.' 'உலகு?' 'இப்பதான் கண்ணசந்தா.' பிறகு இரண்டு பேருமாக அதை அழித்துவிட்டு வேலையைப் பார்ப்போம். இரண்டு வருஷத்தில் அக்காவை நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை, முகம்கூடச் சரியாக ஞாபகமில்லை, அந்த 'வந்துட்டியா' மட்டும்தான் முகம். மூன்று மாதமாகத் திரையின் அடியில் மஞ்சளாக ஒரு பட்டை ஓடிக்கொண்டிருந்தது, இந்தச் சேவை ஜூலை முப்பத்தொன்றோடு நிறுத்தப்படுகிறது, மாற்று ஏற்பாடு செய்துகொள்ளவும் என்று. ஒவ்வொரு ராத்திரியும் 'பிறகு நினைவூட்டு' என்பதை அமுக்கினேன். பிறகு, பிறகு என்று தொண்ணூறு பிறகு. மாற்று பார்க்கிற பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன், ஏனென்றால் வேறு யாராவது பார்த்தால், எதுக்கு இவ்வளவு பாடு, உள்ளூரிலேயே ஒரு பிள்ளையை உட்கார வைத்துவிடலாமே என்று டாக்டருக்குத் தோன்றிவிடும்.

நேற்றுதான் உட்கார்ந்தேன். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் நாலு மாற்றுச் சேவைகளின் பெயர்களை எழுதினேன். ஒன்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் அறுந்துவிடும் என்றார்கள். ஒன்று இந்த லேப்டாப்புக்குக் கனம். ஒன்று அந்தப் பக்கம் ஒரு ஆள் இருந்து ஒவ்வொரு தடவையும் 'வரலாம்' என்று அமுக்கினால்தான் உள்ளே விடுமாம், படித்த உடனே அதைக் கோடு போட்டு அடித்துவிட்டேன், நடக்கிற காரியமா, அக்கா ஸ்கேன் அறையில் இருப்பாரா, எனக்காகக் கம்ப்யூட்டர் முன்னால் காவல் இருப்பாரா. நாலாவது ஒரு பளபளப்பான பக்கம், நீலக்கட்டம் பயன்படுத்தியவர்களா, கவலை வேண்டாம், எண்ணைக் கொடுங்கள், நாங்களே அழைக்கிறோம் என்று இருந்தது. இன்று சாயங்காலம் கொடுத்தேன். கொடுத்த பத்தாவது நிமிஷம் போன். குட் ஈவினிங் மேம். ஆண்குரல், சுத்தமான இங்கிலீஷ், வெள்ளைச் சட்டை போட்ட குரல். நான் எழுந்து நின்றுவிட்டேன். போனில் பேசுகிறவனுக்கு நான் நிற்பது தெரியவா போகிறது, ஆனால் கால் தானாக எழுந்தது, பாவாடை மடிப்பைக்கூட ஒரு கை நீவிவிட்டது, நான் போட்டிருந்தது நைட்டி. சின்னதாக ஒரு சாஃப்ட்வேரை இறக்கச் சொன்னான், இறக்கினேன். திரையில் ஒன்பது எண்கள் வரும் மேம், படியுங்கள் என்றான். படித்தேன். சும்மா படிக்கவில்லை, பள்ளிக்கூடத்தில் காலை அசெம்பிளியில் ஒலிபெருக்கி முன்னால் செய்தி வாசிப்பேனே, அந்த உச்சரிப்பில், மூன்று மூன்றாக நிறுத்தி, ஒன்பதையும் படித்தேன். 'எக்ஸலண்ட் மேம்' என்றான். எனக்கு உள்ளே குளிர்ந்தது. அதை எப்படிச் சொல்வேன், யாரிடம் சொல்வேன், எனக்கு அது பிடித்திருந்தது. அரைமணி நேரம் கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள், தானாக எல்லாம் ஏறிவிடும் என்றான், எஸ் சார் என்றேன், தொடாமல் இருந்தேன், அரைமணிக்கு மேலும் தொடவில்லை, ஒழுங்கான பிள்ளை.

சிஸ்டர் பெனிஞ்ஞாவுக்கு இது பெருமையாக இருந்திருக்கும். பாளையங்கோட்டைக் கான்வென்டில், ஹாஸ்டலில், குளியலறைக்குக்கூடத் தாழ்ப்பாள் கிடையாது, கழற்றிவிட்டிருந்தார்கள், நாலு திருகாணி ஓட்டை மட்டும் இருக்கும், ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டே மறுகையால் குளிப்போம். நல்ல பெண்ணுக்கு மறைக்க என்ன இருக்கிறது என்பார் சிஸ்டர். கேட்ட கேள்விக்குப் பதில், நின்றுகொண்டு, முழு வாக்கியத்தில். ஏழு வருஷம் அப்படி இருந்துவிட்டுக் கல்யாணமாகி இங்கே வந்தால், இங்கே தாழ்ப்பாள் இருக்கிறது, போடக் கூடாது. உலகு பிறந்து நான் அம்மா வீட்டிலிருந்து வந்த அன்றைக்கே அத்தை சொல்லிவிட்டார், 'ஏட்டி செல்வி, கைப்புள்ளக்காரி உள்ள தாழ்ப்பாளப் போட்டுப் படுக்கப்புடாது, கேட்டியா.' அத்தையின் பக்கத்து வீட்டில் முந்தி ஒருத்தி, பிரசவித்துப் பன்னிரண்டாம் நாள், தாழிட்ட அறைக்குள் மயங்கி விழுந்துவிட்டாளாம், உள்ளே பிள்ளை கத்துகிறது, ஆசாரியைக் கூட்டிவந்து கதவைப் பெயர்க்கிற வரைக்கும் அத்தைதான் வெளியே நின்று பலகையைப் பிறாண்டிக்கொண்டிருந்தாராம். அதைச் சொல்லும்போது இப்போதும் அவருக்கு விரல்கள் மடங்கும். அதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை. மாடிப்படி வெளியே இருக்கிறது, தெருவிலிருந்து யாரும் ஏறிவரலாம், என்றாலும் சொல்லவில்லை. அத்தை எப்போது வேண்டுமானாலும் காலால் கதவைத் தள்ளிக்கொண்டு வருவார், கையில் கஷாயமோ மடித்த துணியோ இருக்கும், நான் மேல்துணியை இழுத்து மூடுவதற்குள், 'எங்கிட்ட என்ன வெக்கம்' என்பார். நல்லவர்தான். கேட்காமல் வருகிறவர்கள் எல்லாரும் நல்லவர்களாகவே இருந்துவிட்டால் எப்படிப் பயப்படுவது, அதற்கு என்ன பெயர் சொல்லி யாரிடம் புகார் செய்வது.

டிணுக். எழுந்துவிட்டேன். முதலில் வைஃபை பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன், அதன் பச்சைக் கண்கள் ஒவ்வொன்றாக அணைந்தன, இனி யார் எங்கிருந்து வர முடியும். சுவரோடு நின்று எண்ணினேன். இருபது, முப்பது, நாற்பத்திரண்டு, டிணுக். நெட் இல்லாமல் வருகிறது. பால் தானாகக் கசிய ஆரம்பித்தது, பயத்துக்கும் அழுகைக்கும் இந்த உடம்புக்கு வித்தியாசம் தெரிவதில்லை. அப்போது பார்த்தேன். சன்னல் திரை காற்றில் உப்பியது, லேப்டாப்பிலிருந்து தொங்கும் மவுஸ் வயரை உரசியது, வயர் ஆடியது, டிணுக். செருகிய இடம் தளர்ந்துபோயிருக்கிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மவுஸ் போய்விட்டது, மவுஸ் வந்துவிட்டது என்று அது தன் பாட்டுக்கு அறிவித்துக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான். தையல் மிஷினின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தேன், சத்தம் வராமல், உலகு எழுந்துவிடக் கூடாதே. சிரித்த கையோடு மவுஸை அழுத்திச் செருகினேன், திரை விழித்துக்கொண்டது, ஓரத்தில் சாயங்காலம் அவன் ஏற்றிய ஆரஞ்சு நிறப் புள்ளி இருந்தது, சரி, வந்ததுதான் வந்தோம், என்னதான் ஏற்றியிருக்கிறான் என்று திறந்தேன். வரலாறு என்று ஒரு இடம், எப்போது உள்ளே வந்துபோனார்கள் என்று. இரண்டு வரி. ஆறு நாற்பத்திரண்டிலிருந்து ஏழு இருபது வரை. அது சரி, அது அவன் சொன்ன அரைமணி. அடுத்த வரி, எட்டு பதினாலிலிருந்து எட்டு இருபத்தொன்று வரை. அதற்குக் கீழே ஒரு சின்னச் சதுரத்தில் டிக் அடித்திருந்தது. ஆள் இல்லாதபோதும் அனுமதி. நான் அடிக்கவில்லை. நான் நின்றுகொண்டிருந்தேன்.

எட்டு பதினாலுக்கு நான் கட்டிலில் இருந்தேன். ஒருக்களித்து, இந்தப் பக்கம் பார்த்து, உலகுக்குப் பால் கொடுத்துக்கொண்டு, அத்தை கீழே சீரியல் பார்க்கிற நேரம், யாரும் வர மாட்டார்கள் என்று மேல்துணிகூட இல்லாமல். சுவரில் வெளிச்சம் ஒருதரம் மாறியது, ஞாபகம் இருக்கிறது, தெருவில் வண்டி திரும்புகிறது என்று நினைத்தேன், தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. தொடாதீர்கள் என்று சொல்லியிருந்தானே. இந்தத் திரையின் நெற்றியில் கடுகளவு ஒரு கண்ணாடி இருக்கிறது, அது நேராகக் கட்டிலைப் பார்க்கிறது. பார்த்தானா. ஏழு நிமிஷம் என்பது நீளமா, சின்னதா. ஒரு பக்கம் கொடுத்து முடிக்க ஏழு நிமிஷம் ஆகும். பார்த்திருக்க மாட்டான், அவனுக்கு வேண்டியது வேறு ஏதாவதாக இருக்கும். பார்த்திருந்தால் அதற்கு ஒரு விளக்கு எரியும் என்பார்கள், எரிந்ததா, தெரியாது, பார்க்கவில்லை. தெரியவே போவதில்லை. சாகிற வரைக்கும் எட்டு பதினாலு என்று ஒரு நேரம் தினமும் இரண்டு தடவை கடிகாரத்தில் வந்து போகும். அலமாரிக் கண்ணாடியின் ஓரத்தில் நான் ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டுகளில் கறுப்பாக ஒன்றை எடுத்து அந்தக் கடுகின் மேல் ஒட்டினேன். உலகின் கன்னத்தில் சாயங்காலம் வைத்த மைப்பொட்டு தலையணையில் இழுபட்டுக் கலைந்திருந்தது. அதையும் விரலால் சரிசெய்தேன், ஏன் என்று தெரியவில்லை.

பிறகு அந்த ஆரஞ்சை அழித்துவிடலாம் என்றுதான் தோன்றியது. அழித்துவிட்டு, முகத்தைக் கழுவிவிட்டு, நீலக்கட்டத்தைத் திறந்து, பன்னிரண்டு மணிக்குள் அடித்து முடித்துவிட்டால் யாருக்குத் தெரியும். ஆனால் நீலக்கட்டம் இந்த லேப்டாப்பில்தான் இருக்கிறது, கேட்காமலே திறக்கிற மாதிரிக் கடவுச்சொல்லை உள்ளேயே சேமித்து. அதுதான் வசதி என்று இரண்டு வருஷம் நினைத்திருந்தேன். என் வழியாக அவன் அங்கே போயிருந்தால், கல்லும் கட்டியும் இதயத்துடிப்புமாக அந்த ஊர் ஜனங்களின் வயிறுகள் அத்தனையும் அங்கே பெயரோடு கிடக்கின்றன. எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்த பெண்ணை, ரிப்போர்ட்டில் ஒரே ஒரு பெயர் மாறிப்போனதுக்கு வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். கான்வென்டில் வெள்ளிக்கிழமை வேதக்கார, கிறிஸ்தவப் பிள்ளைகள் செய்த தப்பை ஃபாதரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் போவார்கள், வெளியே வரும்போது முகம் கழுவின மாதிரி வருவார்கள், எங்களுக்கு அது கிடையாது, எங்களை மாரல் சயின்ஸ் வகுப்பில் உட்கார வைப்பார்கள், நான் சன்னல் வழியாக அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், ஒரே ஒரு தடவை போய்ச் சொல்லிவிட்டு வந்தால் என்ன என்று. லேப்டாப்பை மூடினேன். போனை எடுத்தேன். வைத்தேன். எடுத்தேன்.

'ஏம்மா, எங்க போன? பதினாலு ரிப்போர்ட் கெடக்கு, பன்னெண்டு மணிக்குக் கட்டம் படுத்துரும்னு நீதான சொன்ன' என்றார் எப்சிபா அக்கா. அக்கா, எட்டே காலுக்கு அங்கே மவுஸ் ஓடியதா என்று கேட்டேன். 'ஓடுச்சே. நீதான?' நான் போனை மறு காதுக்கு மாற்றினேன். 'நீதான செல்வி? லிஸ்டத் தொறந்தாப்ல இருந்துது. வந்துட்டியான்னு அடிச்சேன். அம்பு அப்படியே நின்னு போச்சு. பதிலக் காணோம். புள்ள அழுதுட்டா போலன்னு நெனச்சு, உலகு தூங்கிட்டாளான்னு இன்னொண்ணு அடிச்சேன். சட்டுனு எல்லாம் மூடிருச்சு. எம் மேல என்ன கோவம் இந்தப் புள்ளைக்குன்னு அப்பருந்து யோசிச்சுட்டே இருக்கேன்.' அது நானில்லை அக்கா என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், எண்ணைக் கொடுத்தது, எழுந்து நின்றது, ஒன்பது எண்களை வாசித்தது, எக்ஸலண்ட், கட்டில், கடுகுக் கண்ணாடி, எல்லாம், முழு வாக்கியங்களில் இல்லை. அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. 'இரு.' மூச்சு வாங்கியது. 'புடுங்கிட்டேன். நெட் வயரப் புடுங்கிட்டேன். நீ அதத் தொறக்காத. நாளைக்கு ஆளக் கூட்டியாந்து ரெண்டையும் பாக்கச் சொல்லுவோம்.' வேலை போய்விடுமா அக்கா என்று கேட்டேன். 'தெரியாதும்மா. டாக்டர்ட்ட காலைல நீ வந்து சொல்லு, நான் பக்கத்துல நிக்கேன்.' பிறகு அவராகவே, 'ரெண்டு வார்த்தை கேட்டதுக்கே ஓடிட்டான் பாரு, களவாணிப்பய' என்றார், அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. பதினாலில் அவசரம் மூன்றுதான் என்று, டாக்டரின் குரலை அவர் போனுக்குப் பக்கத்தில் வைத்து ஓடவிட்டார், நான் கையால் எழுதி வாசித்துக் காட்டினேன், அவர் ஒரு விரலால் குத்திக் குத்தி அடித்தார், எழுத்துக்கு எழுத்து கர்த்தாவே, கர்த்தாவே என்று. எழுதின தாள் காலண்டர் தாள். திருப்பினால் நாலு பெயர்கள். நான் கோடு போட்டு அடித்திருந்த பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். 'அக்கா, இனி ஒண்ணு பாத்திருக்கேன். நான் வரும்போது நீங்க வரலாம்னு அமுக்கணும். அமுக்கினாத்தான் தொறக்கும்.' 'ஒவ்வொரு தடவையுமா?' 'ஒவ்வொரு தடவையும்.' 'நான் உள்ள ஸ்கேன்ல நின்னா?' 'காத்திருப்பேன்.' 'லைன் அறுந்துட்டா?' 'மறுபடி அமுக்கணும்க்கா.' 'எம் முழங்காலு' என்று சிரித்தார், 'சரிட்டி, வேலைல உன்ன வச்சிருந்தா அமுக்குதேன்.'

போனை வைக்கும்போது நாற்காலி நகர்ந்தது. அத்தை. காலால் தள்ளிக்கொண்டு, கண்ணில் தூக்கம், தலையில் சாரல் துளிகள். 'ஏட்டி, இந்நேரம் யார்ட்ட பேச்சு? அழுத மாதிரி இருக்கு?' என் வேலைக் கம்ப்யூட்டருக்குள் யாரோ வந்துட்டான் அத்தை என்றேன். கம்ப்யூட்டருக்குள்ளா என்று மூடிய லேப்டாப்பைப் பார்த்தார், கட்டிலின் அடியைப் பார்த்தார், உலகைப் பார்த்தார். மற்றதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எனக்கே தெரியாமல் வாய் வேறு ஒன்றைச் சொன்னது. 'அத்தை, இனிமே ராத்திரி நான் தாழ்ப்பாள் போடணும். நீங்க தட்டுங்க. தட்டினா உடனே தொறப்பேன்.' நான் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னேன். அத்தையின் விரல்கள் மடங்கின. 'நீ மயங்கிக் கெடந்தா?' 'மயங்க மாட்டேன் அத்தை.' 'அவளுந்தான் அப்படிச் சொன்னா.' என் முகத்தில் என்ன பார்த்தாரோ, அத்தை வெளியே போய்க் கதவைச் சாத்தினார். 'போடு பாப்போம்' என்றார் வெளியிலிருந்து. ஐந்து மாதம் தொடாத தாழ்ப்பாள், துருவேறி அசையவில்லை, உலகுக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெயை ஊற்றி இரண்டு கையாலும் ஆட்டினேன், பாதி போனது. தட்டினார். திறந்தேன். 'தாமசமாயிட்டு' என்றார், 'இன்னொருக்க.' மூடினார். தட்டினார். திறந்தேன். மூன்றாவது தடவை தட்டாமல் குரல் மட்டும் வந்தது, 'தட்டுதேன், கேக்கா? கட்டில்ல படுத்துட்டுச் சொல்லு.' கட்டிலில் படுத்துக்கொண்டேன். டொக் டொக். கேக்குது அத்தை என்றேன். 'ரெண்டு மணிக்கு ஒருக்க வந்து தட்டுவேன்' என்றார். 'தட்டுங்க.' செருப்பு படி இறங்கியது, ஒன்று, இரண்டு, பதினொன்று, கீழே அவர் கதவு. ரெண்டு மணிக்கு வருவார், உலகு எழுந்துவிடுவாள், நான் திட்டிக்கொண்டே போய்த் திறப்பேன். எழுந்து போய், நாற்காலியை அதன் இடத்தில் வைத்துவிட்டு, எண்ணெய் வழியும் தாழ்ப்பாளை உள்ளங்கையால் தள்ளினேன், இந்தத் தடவை அது சுவரிலிருந்த குழிக்குள் கடைசிவரை போனது.